வாப்பாவின் டொமிசைல் எது? இங்கிலாந்துப் பணம், கீழக்கரை வீடு, மூத்தவர் பிள்ளைகள்

கடலோரப்பெண் எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும். நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாப்பா 1948-ல் கீழக்கரையில் பிறந்தவர்கள். 1974-ல் இங்கிலாந்து போனார்கள். முதலில் ஆலை வேலை, அப்புறம் சொந்தக் கடை. பத்துப் பதினொரு வருஷத்தில் பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கினார்கள், பிற்பாடு ஓ.சி.ஐ. (வெளிநாட்டு இந்தியர்) அட்டையும் எடுத்தார்கள். 2013-ல் கடையை விற்றுவிட்டு ஓய்வு. அதிலிருந்து வருஷம் தவறாமல் நவம்பரில் ஊருக்கு வருவார்கள், ஏப்ரலில் திரும்புவார்கள். உம்மா மூன்று வருஷத்துக்கு முன் அங்கேயே மௌத்தானார்கள், அடக்கமும் அங்கேதான். அதற்குப் பிறகு வாப்பா பெரிய வீட்டை விற்றுவிட்டு, பக்கத்துத் தெருவில் ஒரு சின்ன ஃபிளாட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டார்கள். போன ஜனவரியில் ஊரில் இருக்கும்போது சுபுஹுக்கு எழுந்தவர்கள் அப்படியே சாய்ந்துவிட்டார்கள். அன்றைக்கு அஸருக்கே இங்கே அடக்கம் செய்தோம்.

வஸிய்யத் (உயில்) எதுவும் எழுதவில்லை. இருப்பது ஊரில் ஒரு வீடு, இங்கே ஒரு வங்கியில் வைப்புத்தொகை, இங்கிலாந்து வங்கியில் வீடு விற்ற பணம்.

நாங்கள் மூன்று பிள்ளைகள். மூத்த காக்கா (அண்ணன்) 2019-ல் மௌத். அவர்களுக்கு ஒரு மகள், ஒரு மகன், இரண்டும் பள்ளிக்கூடம் போகிற வயசு. அடுத்தது நான். கடைசி, தம்பி.

இங்கிலாந்து சொலிசிட்டர் (வழக்கறிஞர்) அனுப்பிய படிவத்தில் முதல் கேள்வியே இறக்கும்போது வாப்பாவின் டொமிசைல் எது என்பதுதான். தம்பி "இதில் கேட்க என்ன இருக்கு, நாம முஸ்லிம், எல்லாத்துக்கும் ஷரீஅத்தான்" என்கிறான். நான் தாலுகா ஆபீஸில் இருப்பிடச் சான்றிதழ் வாங்கினால் போதுமா என்று கேட்கப் போனேன். அங்கே இருந்தவர், பிரிட்டிஷ் பாஸ்போர்ட் என்றதும் கையை விரித்துவிட்டார். யாராவது விளக்குங்கள்.

---

அபூநூஹ் எழுதியது:

வ அலைக்குமுஸ்ஸலாம் சகோதரி. அல்லாஹ் வாப்பாவின் கப்ரை விசாலமாக்குவானாக.

பராயிள், அதாவது மார்க்கச் சட்டப்படி வாரிசுப் பங்கு பிரிக்கும் கணக்கு, எந்த நாட்டில் இருந்தாலும் ஒன்றுதான். மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு. மகன் உயிரோடு இருக்கும்போது இறந்துபோன மகனின் பிள்ளைகளுக்கு வாரிசுப் பங்கு கிடையாது. நாட்டுக்கு நாடு சட்டம் தேடிப் போனால் மனசுதான் குழம்பும். உள்ளூர் ஆலிமிடம் கணக்கு எழுதி வாங்கிப் பிரித்துக்கொள்ளுங்கள்.

---

சட்டப்பலகை எழுதியது:

சகோதரி, நான் மதுரைப் பக்கம் வாரிசு வழக்குகள் பார்ப்பவன். அபூநூஹ் பாய் சொன்ன கணக்கு சரி. ஆனால் எந்தச் சொத்துக்கு அந்தக் கணக்கை நீதிமன்றமும் வங்கியும் ஏற்றுக்கொள்ளும் என்பது வேறு கேள்வி. சொலிசிட்டர் கேட்பது அதைத்தான்.

முதலில் தாலுகா ஆபீஸ் விஷயத்தை முடித்துவிடுவோம். இருப்பிடச் சான்றிதழ், பிறப்பிடச் சான்றிதழ் எல்லாம் கல்லூரி இடத்துக்கும் அரசு வேலைக்கும் கேட்கிற காகிதங்கள். பல மாநிலங்களில் இதையே டொமிசைல் சான்றிதழ் என்று சொல்லிப் பழக்கிவிட்டார்கள். 1984-ல் பிரதீப் ஜெயின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் குறை சொன்னது: இந்தியாவில் உள்ளவருக்கு இந்திய டொமிசைல் ஒன்றுதான், மாநிலத்துக்கு மாநிலம் தனி டொமிசைல் என்று பேசுவது சரியல்ல என்றது.

சட்டம் சொல்கிற டொமிசைல் என்பது ஒரு மனிதன் தன் நிரந்தர வீடு என்று மனசில் வைத்து வாழ்ந்த நாடு. இரண்டு அம்சம் சேர வேண்டும்: உடம்பு அங்கே இருந்திருக்க வேண்டும், இனி இதுதான் நம் இடம் என்ற எண்ணமும் இருந்திருக்க வேண்டும். 1954-ல் ராம் நாராயண் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இந்த இரண்டையும்தான் பார்த்தது. பாஸ்போர்ட் ஒரு சாட்சி, அவ்வளவுதான். பாஸ்போர்ட்டை மாற்றாமலே டொமிசைல் மாறலாம். பாஸ்போர்ட் மாறியும் டொமிசைல் மாறாமல் இருக்கலாம்.

பிறக்கும்போது தகப்பனின் டொமிசைல் பிள்ளைக்கு ஒட்டிக்கொள்ளும். உங்கள் வாப்பாவுக்கு அது இந்தியா. அதை மாற்றிக்கொண்டார்கள் என்று சொல்கிறவர்தான் நிரூபிக்க வேண்டும்.

இனி சொத்துக்கு வருவோம். வீடு, நிலம் எந்த நாட்டில் இருக்கிறதோ அந்த நாட்டுச் சட்டம். ஆகவே கீழக்கரை வீட்டைப் பற்றிக் கேள்வியே இல்லை, ஷரீஅத் கணக்குத்தான். வங்கிப் பணம் போன்ற அசையும் சொத்து எங்கே கிடந்தாலும், இறந்தவரின் டொமிசைல் எந்த நாடோ அந்த நாட்டுச் சட்டப்படி போகும். இங்கிலாந்தும் இந்த விதியைத்தான் பின்பற்றுகிறது.

அப்படியானால் பாருங்கள். வாப்பாவின் டொமிசைல் இந்தியா என்று முடிவானால், இங்கிலாந்து வங்கியில் கிடக்கும் பணத்தைக்கூட அந்த நாட்டு நீதிமன்றம் இந்திய முஸ்லிம் சட்டப்படிதான் பிரிக்கும். இங்கிலாந்து என்று முடிவானால் அந்தப் பணம் இங்கிலாந்தின் வாரிசுச் சட்டப்படி போகும். அதில் மகன், மகள் வேறுபாடு இல்லை. இறந்துபோன மகனின் பங்கு அவன் பிள்ளைகளுக்கு இறங்கும்.

---

கடலோரப்பெண் எழுதியது:

இதைப் படித்துவிட்டு நேற்று ராத்திரி காகிதத்தில் கணக்குப் போட்டேன். ஷரீஅத் கணக்கில் தம்பிக்கு மூன்றில் இரண்டு, எனக்கு மூன்றில் ஒன்று, காக்கா பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை. இங்கிலாந்துக் கணக்கில் தம்பிக்கு மூன்றில் ஒன்று, எனக்கு மூன்றில் ஒன்று, காக்கா பிள்ளைகள் இருவருக்கும் சேர்த்து மூன்றில் ஒன்று.

என் பங்கு இரண்டிலும் மாறவில்லை. டொமிசைல் என்ற ஒரே வார்த்தையில் நிற்பது காக்கா பிள்ளைகளின் பங்கும், அதனால் தம்பியின் பங்கும்தான். அது தெரிந்ததும் எனக்குத் தூக்கம் வரவில்லை.

---

சட்டப்பலகை எழுதியது:

கணக்கு சரி. உங்கள் உம்மா உயிரோடு இருந்திருந்தால் இது வேறு மாதிரி ஆகியிருக்கும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பிள்ளைகள் இருந்தால் முஸ்லிம் சட்டத்தில் மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு. இங்கிலாந்துச் சட்டத்தில், 2023 ஜூலை 26-க்குப் பிறகு நேர்ந்த மரணங்களுக்கு, வீட்டுச் சாமான்களோடு முதல் 3,22,000 பவுண்டு முழுவதும் வாழ்க்கைத் துணைக்கு, மிச்சத்தில் பாதியும் அவருக்கே. நடுத்தரக் குடும்பத்தில் பிள்ளைகளுக்கு ஒன்றும் மிஞ்சாமல் போகலாம். அங்கே குடியேறிய நம் மக்களில் பலருக்கு இது தெரியாது.

---

பேருவளைப் பேரன் எழுதியது:

இலங்கையிலிருந்து ஒரு தகவல். எங்கள் 1931-ஆம் ஆண்டு முஸ்லிம் வாரிசுக் கட்டளைச் சட்டத்தில் டொமிசைல் என்ற சொல்லே நேரடியாக வருகிறது. இறக்கும்போது இலங்கையில் டொமிசைல் உள்ள முஸ்லிம், அல்லது இலங்கையில் அசையாச் சொத்து வைத்திருந்த முஸ்லிம், அவர் எந்த மத்ஹபை (சட்டப் பிரிவை) சேர்ந்தவரோ அந்தச் சட்டப்படி வாரிசுரிமை. ஆனால் காதி நீதிமன்றங்கள் பின்பற்றுகிற 1951-ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தில் அந்தச் சொல் இல்லை. அது இலங்கைவாசிகளான முஸ்லிம்களுக்கு என்று போகிறது. கொழும்பில் பிறந்து லண்டனில் இருக்கிறவர் இலங்கைவாசியா இல்லையா என்று அதற்கு ஒரு தனி வாதம் நடக்கும்.

---

சிங்கை_சலீம் எழுதியது:

சிங்கப்பூரில் 1966-ஆம் ஆண்டு முஸ்லிம் சட்ட நிர்வாகச் சட்டம். அதன் 112-ஆம் பிரிவு சிங்கப்பூரில் டொமிசைல் உள்ள முஸ்லிம் உயில் எழுதாமல் இறந்தால் முஸ்லிம் சட்டப்படி பிரிக்கச் சொல்கிறது. 111-ஆம் பிரிவு உயிலுக்கும் அதே கட்டு. ஷரியா நீதிமன்றம் வாரிசுச் சான்றிதழ் தரும், யாருக்கு எத்தனை பங்கு என்று அதில் பின்னமாகவே எழுதியிருக்கும்.

எங்கள் மாமா கடையநல்லூர்க்காரர். ஐம்பது வருஷம் இங்கே இருந்தும் இந்தியப் பாஸ்போர்ட்டைக் கைவிடவில்லை. அவர் மௌத்தானபோது எங்களிடமும் இதே டொமிசைல் கேள்வி வந்தது. ஆனால் இரண்டு பக்கமும் ஷரீஅத் கணக்கு என்பதால் பங்கில் அதிகம் மாறவில்லை. கடலோரப்பெண் சகோதரியின் நிலைமை அப்படியில்லை, அங்கே பதில் மாறினால் பங்கே மாறுகிறது.

---

சட்டப்பலகை எழுதியது:

இருவருக்கும் நன்றி. இதில் நான் வருஷக்கணக்காக யோசிக்கிற ஒரு விஷயம் இருக்கிறது. முஸ்லிம் குடும்பச் சட்டம் யாரைப் பிடிக்கும் என்பதற்கு ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு கொக்கி வைத்திருக்கிறது. சிங்கப்பூருக்கு டொமிசைல். மலேசியாவில் 1984-ஆம் ஆண்டு கூட்டரசுப் பிரதேசச் சட்டத்துக்கு, அங்கே வாழ்வதும் வசிப்பதும். பாகிஸ்தானின் 1961-ஆம் ஆண்டு குடும்பச் சட்டக் கட்டளைக்குக் குடியுரிமை: பாகிஸ்தானின் முஸ்லிம் குடிமக்கள் எங்கிருந்தாலும் பொருந்தும் என்று எழுதியிருக்கிறார்கள்.

நம் நாட்டில் என்ன இருக்கிறது? 1937-ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டத்தின் 2-ஆம் பிரிவில் டொமிசைலும் இல்லை, குடியுரிமையும் இல்லை. தரப்பினர் முஸ்லிம்களாக இருந்தால் போதும் என்று நிற்கிறது. தத்தெடுப்பு, உயில் விஷயங்களிலும் ஷரீஅத் வேண்டும் என்று ஒருவர் தருகிற 3-ஆம் பிரிவு உறுதிமொழிக்கு மட்டும் இந்தியாவில் வசிப்பவராக இருக்க வேண்டும் என்கிறது. 1939-ஆம் ஆண்டு முஸ்லிம் திருமணக் கலைப்புச் சட்டத்திலும் டொமிசைல் பேச்சே இல்லை. கிறிஸ்தவர்களுக்கான 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டம், மனுப் போடும்போது தம்பதிக்கு இந்திய டொமிசைல் இருக்க வேண்டும் என்கிறது. இந்து திருமணச் சட்டமும் வெளியே இருக்கிற இந்துக்களைப் பிடிக்க டொமிசைலைத்தான் பயன்படுத்துகிறது.

இன்னொரு வேடிக்கையான இடைவெளி. டொமிசைல் என்றால் என்ன, எப்படி மாறும் என்று 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் இரண்டாம் பாகம் விளக்கமாகச் சொல்கிறது. ஆனால் அதே சட்டத்தின் 4-ஆம் பிரிவு, இறந்தவர் இந்து, முஸ்லிம், பௌத்தர், சீக்கியர், ஜைனர் என்றால் அந்தப் பாகம் பொருந்தாது என்று கதவைச் சாத்திவிடுகிறது. ஆகவே முஸ்லிம் வழக்கில் அந்தப் பிரிவுகளைச் சட்டமாகக் காட்ட முடியாது. நீதிமன்றங்கள் கடைப்பிடிக்கிற பொதுவான தனியார் பன்னாட்டுச் சட்ட விதிகளை, அதாவது இரண்டு நாட்டுச் சட்டம் மோதும்போது எது பொருந்தும் என்று சொல்லும் விதிகளைத்தான் காட்ட வேண்டும்.

---

ராவுத்தர்_வீட்டுப்_பிள்ளை எழுதியது:

நீங்கள் சொல்வதிலேயே பதில் இருக்கிறதே. ஷரீஅத் சட்டம் டொமிசைல் கேட்கவில்லை, முஸ்லிம் என்றால் போதும். அப்படியானால் இந்திய வங்கியில் இருக்கிற வைப்புத்தொகைக்கு இங்கிலாந்துச் சட்டம் எப்படி வரும்? இறந்தவர் முஸ்லிம், வாரிசுகள் முஸ்லிம், பணம் இந்தியாவில்.

---

சட்டப்பலகை எழுதியது:

நல்ல வாதம். நானே அந்தத் தரப்பில் நின்றால் இதைத்தான் முதலில் வைப்பேன். எதிர்த் தரப்பு சொல்வது, ஷரீஅத் சட்டம் வந்தது ஊர் வழக்கங்களை ஒதுக்கிவிட்டு முஸ்லிம் சட்டத்தை நிலைநிறுத்தத்தான், நாடுகளுக்கு இடையிலான சட்ட மோதலைத் தீர்க்க அல்ல என்பது. அந்தச் சட்டத்தின் சொற்களைப் பாருங்கள், வழக்கம் எதுவாக இருந்தாலும் என்றுதான் தொடங்குகிறது. ஆகவே இந்திய வைப்புத்தொகையில் இரண்டு பக்கமும் வாதாட இடம் இருக்கிறது. இங்கிலாந்துப் பணத்தில் அப்படி இல்லை. அங்கே டொமிசைல்தான் தீர்ப்பு.

சகோதரி, வாப்பா என்ன நினைத்து வாழ்ந்தார்கள் என்பதற்கு என்னென்ன தடயம் இருக்கிறது? உங்களுக்குச் சாதகம், பாதகம் பார்க்காமல் எழுதுங்கள்.

---

கடலோரப்பெண் எழுதியது:

நேற்று அவர்கள் அறையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன்.

பாஸ்போர்ட் உறைக்குள் திரும்பும் பயணச்சீட்டு இருந்தது, ஏப்ரல் 9 தேதிக்கு. அங்கே மருத்துவரிடம் ஏப்ரல் கடைசி வாரத்தில் கண் பரிசோதனைக்கு முன்பதிவு. ஃபிளாட் வாடகை இங்கே இருந்த மாதங்களிலும் ஒழுங்காகப் போயிருக்கிறது. ஒரு பிளாஸ்டிக் கோப்பில் உம்மாவின் கப்ருக்குப் பக்கத்து இடத்தைப் பணம் கட்டி எடுத்து வைத்த ரசீது. அதை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. ஃபிளாட்டில் இருக்கிற மாத்திரை டப்பாவில் எந்தக் கிழமை எது என்று தமிழில் எழுதி ஒட்டியிருப்பார்கள். இங்கே இருக்கிற டப்பாவில் ஒன்றும் ஒட்டவில்லை. இது சாட்சி ஆகுமா தெரியாது, கண்ணில் பட்டதைச் சொல்கிறேன்.

மறுபக்கம். போன வருஷம் ஊர் வீட்டில் மாடி கட்டினார்கள். கிணற்றுக்குப் புது மோட்டார் போட்டார்கள். பார்க்கிற எல்லாரிடமும் "கடைசியில ஊருதான்" என்று சொல்வார்கள். ஜமாஅத் சந்தா ஒரு வருஷம்கூட விட்டதில்லை. தம்பி இதையெல்லாம்தான் சொல்கிறான், அதுவும் பொய் இல்லை.

---

சட்டப்பலகை எழுதியது:

இரண்டு பக்கமும் கனமாக இருக்கிறது. இங்கிலாந்துத் தீர்ப்புகள் சிலவற்றைச் சொல்கிறேன், உங்கள் சொலிசிட்டருக்கு இவை நன்றாகத் தெரியும்.

தம்பி தரப்புக்கு உதவுவது 1930-ல் ராம்சே வழக்கு. கிளாஸ்கோவில் பிறந்த ஒருவர் 1892-ல் லிவர்பூல் போய், 1927-ல் சாகும்வரை அங்கேயே இருந்தார். அங்கேயே தன் அடக்கத்துக்கும் ஏற்பாடு செய்திருந்தார். இருந்தும் அவர் ஸ்காட்லாந்து டொமிசைலை விடவில்லை என்று பிரபுக்கள் சபை தீர்த்தது. பிறவி டொமிசைல் அவ்வளவு கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். ஆகவே கப்ரு ரசீது ஒன்றை மட்டும் வைத்துக் கோட்டை கட்டாதீர்கள்.

மறுபக்கத்துக்கு உதவுவது ஃபுல்ட் என்பவரின் உயில் வழக்கு. அதில் நீதிபதி ஸ்கார்மன் ஒரு கோடு போட்டார். இன்ன காரியம் முடிந்ததும் திரும்பிவிடுவேன் என்று தெளிவான ஒரு கட்டத்தை மனசில் வைத்திருந்தவர், பிறந்த நாட்டின் டொமிசைலை இழக்கவில்லை. ஆனால் என்றைக்கோ பெரும் பணம் வந்தால் போவேன், மூதாதையர் மண்ணில் சாக வேண்டும் என்ற ஏக்கம் மட்டும் இருந்தால், அது புது டொமிசைல் பெறுவதற்குத் தடையில்லை.

"கடைசியில ஊருதான்" என்று நம் சபுராளிகள், அதாவது வெளிநாடு போய்ச் சம்பாதிப்பவர்கள், எல்லாருமே சொல்வார்கள். அதில் பொய் இல்லை. ஆனால் வாப்பா அதை ஒரு திட்டமாகச் சொன்னார்களா, ஏக்கமாகச் சொன்னார்களா என்பதுதான் கேள்வி. 2013-ல் கடையை விற்றபோதே திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை. உம்மா போன பிறகு வீட்டை விற்றபோதும் திரும்பியிருக்கலாம். பக்கத்துத் தெருவில் ஃபிளாட் எடுத்தார்கள். நான் அந்த இடத்தில் நீதிபதியாக இருந்தால் இந்த இரண்டு கட்டத்தைத்தான் உற்றுப் பார்ப்பேன். என் கணிப்பு இங்கிலாந்துப் பக்கம் சாய்கிறது.

ஒன்று கவனம். 1869-ல் வந்த உட்னி தீர்ப்புப்படி, தேடிக்கொண்ட டொமிசைலைக் கைவிட்ட அந்த நொடியே பிறவி டொமிசைல் தானாக உயிர்பெறும். போன நவம்பரில் வரும்போது இனி போவதில்லை என்று முடிவெடுத்திருந்தால், அன்றைக்கே இந்தியா. ஏப்ரல் 9 சீட்டு அதனால்தான் முக்கியம்.

வளைகுடாவில் வேலை பார்ப்பவர்கள் இதைத் தங்களுக்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம். வேலை முடிந்தால் விசா முடியும், திரும்பியே ஆக வேண்டும். முப்பது வருஷம் துபாயில் இருந்தாலும் டொமிசைல் ஊரில்தான் இருக்கும். போதாததற்கு அந்த நாடுகளின் சட்டங்கள் பெரும்பாலும் டொமிசைலை விடக் குடியுரிமையைத்தான் பார்க்கின்றன.

---

சிங்கை_சலீம் எழுதியது:

வரிக்கும் டொமிசைல் கேட்பார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

---

சட்டப்பலகை எழுதியது:

இல்லை. பிரிட்டனில் வாரிசு வரிக்கு டொமிசைல் பார்த்தது 2025 ஏப்ரல் 6-ஓடு போயிற்று. இப்போது எத்தனை வருஷம் அங்கே வசித்தார் என்று பார்க்கிறார்கள். சொத்து யாருக்கு என்ற கேள்விக்கு டொமிசைல் அப்படியேதான் இருக்கிறது. இரண்டையும் ஒரே படிவத்தில் கலந்து எழுதிவிடாதீர்கள்.

---

மஞ்சள்வாசல் எழுதியது:

இழைக்கு நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். என் தங்கையின் மாப்பிள்ளை இங்கிலாந்தில் இருக்கிறார். அங்கிருந்தே வாட்ஸ்அப்பில் மூன்று தலாக் எழுதி அனுப்பிவிட்டார். "நான் இங்கே செட்டில் ஆகிவிட்டேன், இந்தியச் சட்டம் என்னைக் கட்டுப்படுத்தாது" என்கிறார். தங்கை ஊரில் இருக்கிறாள். அவள் நிலைமை என்ன?

---

சட்டப்பலகை எழுதியது:

சகோதரி, தங்கையைத் தைரியமாக இருக்கச் சொல்லுங்கள். அவர் எந்தப் பக்கம் போய் நின்றாலும் அந்தச் செய்தி செல்லாது.

இந்தியாவில் 2017 ஆகஸ்ட் 22-ல் ஷாயரா பானு வழக்கில் உடனடி முத்தலாக் விழுந்தது. 2019-ஆம் ஆண்டு சட்டம் எழுத்தில், பேச்சில், மின்னணு வழியில் எப்படிச் சொன்னாலும் செல்லாது என்றதோடு, மூன்று வருஷம் வரை சிறை என்றும் வைத்தது.

இங்கிலாந்து இன்னும் கறார். 1986-ஆம் ஆண்டு குடும்பச் சட்டப்படி, அந்த மண்ணில் நீதிமன்றம் தராத எந்த விவாகரத்தும் விவாகரத்தே இல்லை. அங்கிருந்து அவர் சொன்ன தலாக்குக்கு எந்த டொமிசைலும் கைகொடுக்காது. அப்புறம், செட்டில் ஆகிவிட்டேன் என்று அவரே ஒப்புக்கொள்வதில் அவருக்கு இன்னொரு சிக்கல். டொமிசைல் இங்கிலாந்து என்றால், முதல் மனைவி இருக்கும்போது ஊருக்கு வந்து இன்னொரு நிக்காஹ் செய்தாலும் அது இங்கிலாந்துச் சட்டத்தில் செல்லாத திருமணம்.

தங்கை விலக விரும்பினால் 1939-ஆம் ஆண்டுச் சட்டப்படி இங்கேயே குடும்ப நீதிமன்றத்தில் மனுப் போடலாம். இரண்டு வருஷம் ஜீவனாம்சம் தராமல் விட்டிருந்தால் அதுவே தனிக் காரணம். அவர் எந்த நாட்டில் டொமிசைல் என்று அந்தச் சட்டம் கேட்காது. செய்தியை அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

---

மஞ்சள்வாசல் எழுதியது:

அல்ஹம்துலில்லாஹ். இதை அப்படியே அவளுக்குப் படித்துக் காட்டினேன். இத்தா (விவாகரத்துக்குப் பின் காத்திருக்கும் காலம்) இருக்கணுமா வேண்டாமா என்றுகூடத் தெரியாமல் இருபது நாளாக அறையை விட்டு வெளியே வராமல் இருந்தாள்.

---

ராவுத்தர்_வீட்டுப்_பிள்ளை எழுதியது:

மாநில டொமிசைல் கிடையாது என்றீர்கள். கோவா முஸ்லிம்களுக்கு மட்டும் வேறு சட்டம் இருக்கிறதே?

---

சட்டப்பலகை எழுதியது:

கோவா ஒரு தனி ஊற்று. அங்கே போர்ச்சுகீசிய காலத்து 1867-ஆம் ஆண்டு சிவில் சட்டம் தொடர்கிறது, முஸ்லிம்களும் அதற்குள்தான். 2019-ல் உச்ச நீதிமன்றம், கோவா டொமிசைல் உள்ளவரின் சொத்து இந்தியாவில் எங்கே இருந்தாலும் அந்தச் சட்டப்படிதான் வாரிசுரிமை என்று தீர்த்தது. பிரதீப் ஜெயினில் ஒரே டொமிசைல் என்றவர்களே கோவா டொமிசைல் என்று பேசவேண்டி வந்தது. இப்போது உத்தராகண்டின் பொது சிவில் சட்டம் 2025 ஜனவரி 27-லிருந்து நடப்பில் இருக்கிறது. அது அந்த மாநிலத்தில் வசிப்பவர் என்ற கொக்கியைப் பயன்படுத்துகிறது. இதைப் பற்றித் தனி இழை தொடங்குங்கள், வருகிறேன்.

---

அபூநூஹ் எழுதியது:

சகோதரி, என் முதல் பதில் அவசரமாகப் போய்விட்டது. பராயிளில் பேரப்பிள்ளைகளுக்குப் பங்கு இல்லை என்பதில் எனக்கு மாற்றமில்லை. ஆனால் அதோடு நிறுத்தியது என் தவறு. பங்கு பிரிக்கும்போது உறவினரும் அனாதைகளும் ஏழைகளும் வந்து நின்றால் அவர்களுக்கும் அதிலிருந்து கொடுங்கள், அவர்களிடம் நல்ல வார்த்தை பேசுங்கள் என்று நிஸா அத்தியாயம் எட்டாம் வசனம் சொல்கிறது. வாரிசு அல்லாதவருக்கு மூன்றில் ஒரு பங்குவரை வஸிய்யத் செய்யும் வழியும் இதற்காகத்தான் திறந்திருக்கிறது. மகன் முந்தி மௌத்தாகிவிட்டால் பாட்டனார் அன்றைக்கே உட்கார்ந்து பேரப்பிள்ளைகளுக்கு எழுதியிருக்க வேண்டும். நம் ஊர்களில் யாரும் எழுதுவதில்லை, மௌத்தைப் பற்றிப் பேசவே தயங்குகிறோம். எகிப்தில் 1946-லேயே இதைக் கட்டாய வஸிய்யத் என்று சட்டமாக்கிவிட்டார்கள்.

வாப்பா வாய்மொழியாக ஏதாவது சொன்னார்களா?

---

கடலோரப்பெண் எழுதியது:

சொன்னார்கள். காக்கா மௌத்தான நாற்பதாம் நாள், ஜமாஅத் பெரியவர்கள் இரண்டு பேர் இருக்கும்போது, தம்பியிடம் "மூத்தவன் பிள்ளைகள நீதான் பாத்துக்கணும்" என்றார்கள். அவ்வளவுதான். எவ்வளவு, எதிலிருந்து என்று சொல்லவில்லை.

---

சட்டப்பலகை எழுதியது:

இந்தியாவில் முஸ்லிமின் வாய்மொழி வஸிய்யத் செல்லும். ஆனால் சொன்ன சொல் துல்லியமாக நிரூபணமாக வேண்டும். பார்த்துக்கொள் என்பது பொறுப்பைச் சொல்கிறது, சொத்தைக் கொடுக்கவில்லை. சட்டத்தில் அது நிற்காது, தம்பியின் மனசில்தான் நிற்க வேண்டும்.

ஊர் வீட்டைப் பற்றியும் ஒரு கேள்வி. கீழக்கரையில் வீட்டைப் பெண்பிள்ளைக்குக் கொடுப்பது வழக்கம். உங்கள் கல்யாணத்தில் வாப்பா அந்த வீட்டை உங்களுக்கு ஹிபா (நன்கொடை) செய்து, நீங்கள் ஏற்று, சுவாதீனமும் கைமாறியிருந்தால் அது வாப்பா விட்டுப்போன சொத்தே அல்ல. அதற்குப் பதிவுப் பத்திரம்கூடக் கட்டாயமில்லை.

---

கடலோரப்பெண் எழுதியது:

இல்லை. எனக்குக் கொடுத்தது வேறு வீடு, நான் இப்போது இருப்பது. இது வாப்பா பேரில்தான் இருக்கிறது.

---

கடலோரப்பெண் எழுதியது:

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன்.

இந்த இழை முழுவதையும் தம்பிக்கு அனுப்பினேன். முதல் நாள் கோபப்பட்டான், "என் பங்கைக் குறைக்க ஊரெல்லாம் ஆளைத் திரட்டுறியா லாத்தா" என்றான். நான் பதில் பேசவில்லை. ஏப்ரல் 9 சீட்டையும் கப்ரு ரசீதையும் அவன் கையில் கொடுத்தேன். ரசீதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் அது தெரியாது.

முந்தாநாள் ஆலிமிடம் சேர்ந்து போனோம். அவர்கள் பராயிள் கணக்கை எழுதிக் கொடுத்துவிட்டு, உன் பங்கிலிருந்து நீ மனமுவந்து கொடுத்தால் யாரும் தடுக்க முடியாது என்று தம்பியிடம் சொன்னார்கள். வெளியே வந்ததும் தம்பி, இங்கிலாந்துப் பணத்தில் டொமிசைல் சண்டை போடப் போவதில்லை, அந்த நாட்டுச் சட்டம் காக்கா பிள்ளைகளுக்கு என்ன கொடுக்கிறதோ அதை அவன் கொடுத்ததாக நிய்யத் வைத்துக்கொள்கிறான் என்றான். சொலிசிட்டருக்கு அனுப்பும் உறுதிமொழியில் மாடி கட்டியதும் எழுதியிருக்கிறோம், சீட்டும் எழுதியிருக்கிறோம். எதையும் மறைக்கவில்லை. பிள்ளைகளின் பங்கு 18 வயது வரை டிரஸ்டில் இருக்குமாம்.

ஊர் வீட்டையும் இந்திய வைப்புத்தொகையையும் பற்றி இன்னும் பேசவில்லை. அவனை இப்போது நெருக்க எனக்கு மனசு வரவில்லை.

சட்டப்பலகை பாய், கடைசியாக ஒன்று. உம்மாவுக்குப் பக்கத்தில் வாப்பா எடுத்து வைத்த அந்த இடம் சும்மா கிடக்கிறது. அதை என்ன செய்வது?

---

சட்டப்பலகை எழுதியது:

அந்த இடத்தில் அடக்கும் உரிமையும் வாப்பா விட்டுப்போன உரிமைதான். சொலிசிட்டரிடம் கொடுக்கும் சொத்துப் பட்டியலில் அதையும் சேருங்கள், மாற்றிக்கொடுக்க வழி இருக்கும். ரசீதின் அசலை அனுப்பாதீர்கள், நகல் போதும்.

---

கடலோரப்பெண் எழுதியது:

சேர்த்துவிட்டேன். அசல் தம்பியிடம் இருக்கிறது, அவன் தரமாட்டேன் என்கிறான்.